ஆண்டவர் பேசினார் என்றால் என்ன அர்த்தம்?

"ஆண்டவர் என்னோடு பேசினார்." சாட்சி சொல்ல எழுந்து நிற்பவர்கள் அதிகம் சொல்கிற வாக்கியம் இதுதான். வேலையை விட்டவரும் இதைச் சொல்கிறார், வேலையில் சேர்ந்தவரும் இதைச் சொல்கிறார். பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கோ, இருபது வருடமாகச் சபைக்கு வந்தும் அப்படி ஒரு சத்தமும் கேட்டதில்லை. தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்கிறார். வெளியே சொல்ல வெட்கம்.

சாட்சி சொன்னவரைத் தனியே பிடித்து, "எப்படிப் பேசினார்? காதில் கேட்டதா?" என்று விசாரித்துப் பாருங்கள். "சேச்சே, காதில் இல்லை. வாசித்துக்கொண்டிருந்தேன், அந்த வசனம் அப்படியே உள்ளே தைத்தது" என்பார் ஒருவர். ஜெபத்தில் பாரம் வந்தது என்பார் இன்னொருவர். போதகர் போகிறபோக்கில் சொன்ன ஒரு வரி தனக்கென்றே சொன்னதுபோல இருந்தது என்பார் மூன்றாமவர். காதாலேயே கேட்டேன் என்பவர்களும் உண்டு, மிகக் குறைவு. ஒரே வாக்கியத்துக்குள் இப்படி நாலைந்து விதமான அனுபவங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதால்தான் பாதிக் குழப்பம்.

தமிழில் 'கேள்' என்ற சொல் இந்த விஷயத்துக்கென்றே செய்ததுபோல இருக்கிறது. பாட்டுக் கேட்டேன் என்றால் காது. வழி கேட்டேன் என்றால் வாய். "அவன் சொன்ன பேச்சே கேட்கிறதில்லை" என்றால் காதும் இல்லை, வாயும் இல்லை. கீழ்ப்படியவில்லை என்று அர்த்தம். அம்மா பிள்ளையிடம் "நான் சொன்னது காதில் விழுந்ததா?" என்று கத்தும்போது அவள் காதுப் பரிசோதனை நடத்தவில்லை.

எபிரெய மொழியில் ஷமா என்ற வினையும் இப்படித்தான். "இஸ்ரவேலே, கேள்" என்று தொடங்குகிற உபாகமம் 6:4, யூதர்கள் இன்றும் தினமும் சொல்லுகிற அறிக்கை. அதற்குப் பெயரே ஷெமா. பலியைப் பார்க்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம் என்று சாமுவேல் சவுலிடம் சொல்கிற இடத்தில் (1 சாமுவேல் 15:22), நம் மொழிபெயர்ப்பில் 'கீழ்ப்படிதல்' என்று இருப்பது மூலத்தில் அதே ஷமாதான். கிரேக்கத்திலும் அப்படியே: அக்கூவோ என்றால் கேள், அதன் முன்னால் 'கீழே' என்ற பொருள் தரும் ஒட்டைச் சேர்த்து ஹுப்பக்கூவோ என்றால் கீழ்ப்படி. தேவ சத்தத்தைக் கேட்பது என்று வேதம் சொல்லும்போது அதில் காதைவிடக் காலுக்குத்தான் வேலை அதிகம். "என் ஆடுகள் என் சத்தத்திற்குச் செவிகொடுக்கிறது" என்ற யோவான் 10:27கூட "எனக்குப் பின்செல்லுகிறது" என்றுதான் போய் முடிகிறது.

சரி, அந்தச் சத்தத்தை எப்படி அடையாளம் காண்பது?

சாமுவேலின் கதையை ஞாயிறு பள்ளியிலிருந்தே கேட்டுக் கேட்டு, அதில் இருக்கிற சில விசித்திரங்கள் நம் கண்ணில் படுவதில்லை. பையன் சீலோவில், தேவனுடைய பெட்டி இருந்த ஆலயத்திலேயே படுத்திருக்கிறான். இருந்தும் அவன் "இன்னும் கர்த்தரை அறியாதிருந்தான்" என்கிறது வசனம். கூப்பிடுகிற சத்தம் கேட்டதும் ஏலியிடம் ஓடுகிறான், ஒருமுறை அல்ல, மூன்றுமுறை. அந்தச் சத்தம் இடி முழக்கம்போல இருந்திருந்தால் அவன் ஏலியிடமா ஓடியிருப்பான்? தினமும் கேட்டுப் பழகிய ஒரு மனிதக் குரல்போலத்தான் இருந்திருக்க வேண்டும். அது யார் என்று கண்டுபிடித்தவன் சாமுவேலும் இல்லை, கண் மங்கிப்போன ஏலி. சொந்தப் பிள்ளைகளை அடக்காமல் விட்டவர், குடும்பமே நியாயத்தீர்ப்புக்குக் காத்திருக்கிறது; அவர்தான் "இப்படிச் சொல்லு" என்று வார்த்தை எடுத்துக் கொடுக்கிறார்: "சொல்லும், அடியேன் கேட்கிறேன்."

அப்புறம் வந்த செய்தியோ அந்த ஏலியின் வீட்டுக்கு எதிரானது. சாமுவேல் விடியும் வரை படுத்திருந்தான், பிறகு எழுந்து ஆலயத்தின் கதவுகளைத் திறந்தான் என்று எழுதியிருக்கிறது (3:15). எனக்கு அந்தக் கதவு மிகவும் பிடிக்கும். வாழ்க்கையில் முதல்முறையாகக் கர்த்தர் பேசிய இரவு முடிந்ததும் அவன் செய்தது வழக்கமான காலை வேலை. கேட்டதை ஊரெல்லாம் சொல்லவில்லை. சொல்லப் பயந்தான். ஏலி வற்புறுத்திய பிறகே சொன்னான்.

எலியாவின் ஓரேப் மலை அனுபவத்தையும் இதேபோல அரைகுறையாகத்தான் மேற்கோள் காட்டுகிறோம். காற்றில் இல்லை, பூமியதிர்ச்சியில் இல்லை, அக்கினியில் இல்லை. அமர்ந்த மெல்லிய சத்தத்தில் இருந்தார் என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். எபிரெயத்தில் அங்கே இருப்பவை கோல் தெமாமா தக்கா என்ற மூன்று சொற்கள். 'நுண்ணிய மௌனத்தின் சத்தம்' என்றுகூட அதைப் பெயர்க்கலாம். மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பு மாறுகிறது. அது போகட்டும். அந்தச் சத்தத்துக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது? முன்னால்: சாக வேண்டும் என்று படுத்தவனைத் தூதன் தட்டி எழுப்பி, சாப்பிடு என்கிறான், சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்குகிறான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். சோர்ந்துபோன ஊழியனுக்கு முதலில் வந்த தேவச் செய்தி அப்பமும் தண்ணீரும் தூக்கமும். பின்னால்: "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வி. இந்தக் கேள்வி காற்றுக்கு முன்பே ஒருமுறை வந்துவிட்டது. மெல்லிய சத்தத்துக்குப் பிறகு மறுபடி வருகிறது. எலியா இரண்டு முறையும் ஒரே பதிலை வார்த்தை மாறாமல் ஒப்பிக்கிறார். அவ்வளவு பெரிய தரிசனமும் அவர் புலம்பலில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. அவரை மாற்றியது அதற்கடுத்து வந்த வேலைதான்: போ, இவனை அபிஷேகம்பண்ணு, அவனை அபிஷேகம்பண்ணு, இன்னும் ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள்.

இவர்கள் எல்லாம் தீர்க்கதரிசிகள், நமக்கும் அப்படித்தானா என்பது சபை வரலாற்றில் தீராத விவாதம். முற்காலத்தில் பல வகைகளில் பேசின தேவன் குமாரன் மூலமாய்ப் பேசினார் என்று எபிரெயர் நிருபம் தொடங்குகிறது. அதை வைத்து, வேதாகமம் முழுமையடைந்த பின் புதிய வெளிப்பாடு இல்லை என்பது ஒரு கட்சி. 1640களில் இங்கிலாந்தில் எழுதப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, தேவன் தம் சித்தத்தை வெளிப்படுத்திய பழைய வழிகள் நின்றுவிட்டன என்றே சொல்கிறது. 1906இல் லாஸ் ஏஞ்சல்ஸின் அசூசா தெருவில் வில்லியம் சீமோர் நடத்திய கூட்டங்களிலிருந்து உலகமெங்கும் பரவிய பெந்தெகொஸ்தே இயக்கம் இதற்கு நேர் எதிர்: ஆவியானவர் இன்றும் பேசுகிறார், தரிசனமும் தீர்க்கதரிசனமும் இன்றைக்கும் உண்டு. ஆனால் சற்று நெருங்கிப் பார்த்தால் இடைவெளி அவ்வளவு பெரிதல்ல. வெஸ்ட்மின்ஸ்டர்காரர்களும் வசனத்தை விளங்கிக்கொள்ள ஆவியானவரின் உள்ளான வெளிச்சம் வேண்டும் என்கிறார்கள். நிதானமுள்ள பெந்தெகொஸ்தே போதகர்களும் எந்தத் தரிசனமும் வசனத்துக்குக் கீழ்தான் என்கிறார்கள். இருவரும் ஒரே வசனத்தில் சந்திக்கிறார்கள்: "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" (1 தெசலோனிக்கேயர் 5:21). அதற்கு முந்தைய இரண்டு வசனங்கள் ஆவியை அவித்துப்போடாதிருங்கள் என்றும் தீர்க்கதரிசனங்களை அற்பமாய் எண்ணாதிருங்கள் என்றும் சொல்வதை மறக்கக் கூடாது. பவுல் ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறார். நாம்தான் ஆளுக்குப் பாதியாகப் பிரித்து எடுத்துக்கொண்டோம்.

எதை வைத்துச் சோதிப்பது? அதிகம் கேள்விப்படுகிற பதில்கள் இரண்டு. மனதில் சமாதானம் இருந்தால் அது தேவ சித்தம். வாசல் திறந்தால் அது தேவ சித்தம்.

இந்த இரண்டையும் வைத்து யோனாவைப் பாருங்கள். நினிவேக்குப் போ என்ற கட்டளைக்கு முதுகைக் காட்டிவிட்டு யோப்பா துறைமுகத்துக்குப் போகிறார். தர்ஷீசுக்குப் போகிற கப்பல் தயாராக நிற்கிறது. கையில் பயணக் கூலி இருக்கிறது. இடமும் கிடைக்கிறது. இதைவிட அகலமாக ஒரு வாசல் திறக்க முடியுமா? கப்பலேறி, அடித்தட்டுக்குப் போய், புயலடிக்கும்போதும் அயர்ந்து தூங்குகிறார். அதைவிடச் சமாதானம் வேறு என்ன வேண்டும்? இப்போது கெத்செமனேக்கு வாருங்கள். பிதாவின் சித்தத்தின் நடு மையத்தில் இருந்தவர் மரணத்துக்கு ஏதுவான துக்கத்தோடு முகங்குப்புற விழுந்து ஜெபிக்கிறார். சமாதானமே அளவுகோல் என்றால் யோனா சரி, இயேசு தவறு என்று ஆகிவிடும்.

வாசல் விஷயத்தில் தாவீது இன்னும் தெளிவு. என்கேதி குகையில், தன்னைக் கொல்லத் தேடிய சவுல் தனியாக வந்து மாட்டிக்கொண்டபோது, கூட இருந்தவர்கள் "கர்த்தர் சொன்ன நாள் இதுதான்" என்கிறார்கள். வாசல் திறந்திருக்கிறது, வாக்குத்தத்தமும் இருக்கிறது, கையில் பட்டயமும் இருக்கிறது. தாவீது சவுலின் அங்கியின் தொங்கலை மட்டும் அறுத்தார். அதற்கே அவர் மனது அடித்துக்கொண்டது. ஆயத்தமாக இருந்த வாசலைவிட, கர்த்தர் அபிஷேகம்பண்ணினவர்மேல் கை போடக் கூடாது என்ற பழைய, பொதுவான உண்மை அவருக்குப் பெரிதாயிருந்தது.

தேவசமாதானம் உங்கள் இருதயங்களில் ஆளக்கடவது என்ற கொலோசெயர் 3:15ஐ இதற்கு எடுத்துக்காட்டுவார்கள். அங்கே 'ஆள்வது' என்பதற்கு இருக்கிற கிரேக்க வினை, பந்தயத்தில் நடுவர் தீர்ப்புச் சொல்வதைக் குறிக்கும் சொல். ஆனால் வசனம் அதோடு முடியவில்லை; இதற்கென்றே நீங்கள் ஒரே சரீரமாக அழைக்கப்பட்டீர்கள் என்று தொடர்கிறது. முந்தைய வசனங்களில் பேச்சு ஒருவரையொருவர் தாங்குவதையும் மன்னிப்பதையும் பற்றி. அதாவது சகோதரருக்குள் சண்டை வந்தால் சமாதானம் நடுவராக இருக்கட்டும் என்கிறார். வேலை மாற்றலாமா வேண்டாமா என்று என் நெஞ்சுக்குள் அளந்து பார்க்கிற நிம்மதி அல்ல அது.

சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் இன்னும் ஒரு படி மேலே போனார். 1521ன் கடைசியில் ஸ்விக்காவு என்ற ஊரிலிருந்து மூன்று பேர் விட்டன்பர்க்குக்கு வந்து, தேவன் எங்களோடு நேரடியாகப் பேசுகிறார் என்றார்கள். அங்கிருந்த அவர் தோழர் மெலாங்தனுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒளிந்து வாழ்ந்துகொண்டிருந்த லூத்தர் 1522 ஜனவரியில் அவருக்கு எழுதிய கடிதத்தின் சாரம் இது: அவர்கள் ஆத்தும வேதனையை அறிந்தவர்களா என்று கேள், எல்லாம் இன்பமும் அமைதியும் பக்தியுமாகவே இருந்தது என்றால் நம்பாதே. லூத்தர் எதிலும் ஒரு பங்கு அதிகமாகவே போகிறவர் என்பது தெரியும். ஆனாலும் இந்தக் கேள்வி நம் காலத்துக்கு நல்ல மருந்து. எனக்குப் பிடித்ததை மட்டுமே பேசுகிற சத்தம், பெரும்பாலும் என் சத்தம்தான்.

பிறர் வாயால் வருகிற தேவ வார்த்தை என்று ஒன்று இருக்கிறது. இதில்தான் காயங்கள் அதிகம். "நீதான் என் மனைவி என்று ஆண்டவர் காட்டினார்" என்று ஒரு பெண்ணிடம் சொல்கிறவனுக்கு அவள் என்ன பதில் சொல்ல முடியும்? பிடிக்கவில்லை என்றால் அவனை மறுத்ததாக ஆகாது, ஆண்டவரையே மறுத்ததாக ஆகிவிடும். பொறுப்பில் இருப்பவர் "கர்த்தர் எனக்கு வெளிப்படுத்தினார்" என்று சொன்னதும் ஆலோசனைக் கூட்டமே வாயடைத்துப்போகும். அந்த வாக்கியம் பேச்சைத் தொடங்கி வைக்க வேண்டியது. பேச்சை முடித்து வைக்கப் பயன்படும்போது அதில் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது.

1 இராஜாக்கள் 13ஐ இந்த இடத்தில் வாசிக்க வேண்டும். யூதாவிலிருந்து பெத்தேலுக்கு ஒரு தேவமனுஷன் அனுப்பப்படுகிறான். அங்கே அப்பம் சாப்பிடாதே, தண்ணீர் குடிக்காதே, போன வழியே திரும்பாதே என்று கட்டளை. ராஜா விருந்துக்குக் கூப்பிட்டபோது உறுதியாக மறுத்துவிட்டான். பிறகு ஒரு கிழவனான தீர்க்கதரிசி வந்து, "நானும் உன்னைப்போலத் தீர்க்கதரிசிதான், ஒரு தூதன் என்னிடம் பேசி உன்னை அழைத்துவரச் சொன்னான்" என்கிறான். அவன் பொய் சொன்னான் என்று வசனமே அடைப்பில் போட்டதுபோலச் சொல்லிவிடுகிறது. ராஜாவின் அதிகாரத்துக்கு அசையாதவன் இன்னொரு ஊழியனின் "தூதன் சொன்னான்" என்பதற்கு அசைந்துவிட்டான். கடைசியில் வழியில் சிங்கம் அவனைக் கொன்றது. ஏமாற்றியவனுக்கு இல்லாமல் ஏமாந்தவனுக்கு ஏன் இந்தத் தண்டனை என்று எனக்கு இன்றும் உறுத்துகிறது. அதற்குச் சுலபமான பதில் எதுவும் என்னிடம் இல்லை. ஆனால் தனக்குத் தெளிவாகத் தெரிந்ததை, யாரோ சொன்ன தூதனுக்காக விட்டுக்கொடுத்தான் என்பது மட்டும் புரிகிறது.

உண்மையான வெளிப்பாட்டையும் பவுல் எப்படிக் கையாண்டார் என்பது அப்போஸ்தலர் 16இல் இருக்கிறது. ஆசியாவில் பேசவேண்டாம் என்று ஆவியானவர் தடுக்கிறார், பித்தினியாவுக்கும் வழி இல்லை. துரோவாவில் ராத்திரி ஒரு தரிசனம்: மக்கெதோனியா தேசத்தான் ஒருவன் நின்று, வந்து உதவி செய் என்கிறான். தரிசனம் கண்டது பவுல் ஒருவர். ஆனால் அடுத்த வசனத்தில் தேவன் எங்களை அழைத்திருக்கிறார் என்று நிச்சயித்துக்கொண்டவர்கள் பன்மையில் இருக்கிறார்கள். அந்த 'நிச்சயித்து' என்பதற்கான கிரேக்கச் சொல்லுக்குப் பல துண்டுகளைச் சேர்த்துப் பார்த்து முடிவுக்கு வருதல் என்று பொருள். கனவு கண்டவரும் மற்றவர்களும் உட்கார்ந்து, அடைபட்ட வழிகளையும் தரிசனத்தையும் சேர்த்துவைத்து யோசித்தார்கள். போய்ச் சேர்ந்த பிலிப்பியில் தரிசனத்தில் கண்ட ஆண் இல்லை. ஆற்றங்கரையில் கூடியிருந்த பெண்கள். முதலில் இருதயம் திறக்கப்பட்டவள் இரத்தாம்பரம் விற்கிற லீதியாள். அதற்கப்புறம் அடியும் தொழுமரமும். வழிநடத்துதல் சரியாயிருந்தால் வழி சுகமாயிருக்கும் என்பதும் நாமே உண்டாக்கிக்கொண்ட கணக்கு.

கண்ணை மூடி வேதத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை ஆண்டவர் பேச்சாக எடுத்துக்கொள்வது பலரும் செய்வது. வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். இதற்கு முன்னோடியாக அகஸ்டினைக் காட்டுவார்கள். 386இல் மிலான் நகரத்துத் தோட்டம் ஒன்றில் அழுதுகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குழந்தைக் குரல் "எடுத்து வாசி, எடுத்து வாசி" என்று பாடுவதுபோலக் கேட்டது. எடுத்துத் திறந்தார்; ரோமர் 13இன் கடைசி வசனங்கள். அவர் வாழ்க்கை மாறியது. இதில் இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். ஒன்று, அந்தக் குரலைக் கேட்டதும் அவர் முதலில் யோசித்தது, குழந்தைகள் விளையாட்டில் இப்படிப் பாடுகிற வழக்கம் ஏதாவது உண்டா என்பதுதான். இயல்பான விளக்கத்தைத் தேடிப் பார்த்து, அப்படி எதுவும் நினைவுக்கு வராத பிறகே அதைத் தேவ கட்டளையாக எடுத்துக்கொண்டார். இரண்டு, பிற்காலத்தில் ஆயராக இருந்து எழுதிய ஒரு கடிதத்தில், உலகக் காரியங்களுக்காகச் சுவிசேஷப் பக்கங்களைத் திறந்து குறி பார்க்கிற வழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை என்று அவரே சொல்லிவிட்டார். 506இல் அக்தே நகரில் கூடிய சபைச் சங்கமும் இதைத் தடை செய்தது. தடை செய்ய வேண்டிய அளவுக்கு, அதுவும் குருமார்கள் நடுவிலேயே, இது நடந்துகொண்டிருந்தது என்று தெரிகிறது.

உள்ளத்து அசைவுகளைப் பொறுமையாகக் கவனித்து எழுதியவர், பிற்காலத்தில் இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா. 1521இல் பம்பலோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு காலை உடைத்தது. படுக்கையில் வாசிக்க வீரசாகசக் கதைகள் கேட்டார், கிடைக்கவில்லை. கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர்களின் கதைகளும்தான் அந்த வீட்டில் இருந்தன. ஒரு சீமாட்டிக்காகச் செய்யப்போகிற சாகசங்களை மணிக்கணக்கில் கற்பனை செய்வார். வேறொரு நேரம் புனிதர்களைப்போல வாழ்வதைக் கற்பனை செய்வார். இரண்டும் அந்த நேரத்துக்கு இன்பம்தான். வித்தியாசம் பிறகு தெரிந்தது: முதலாவது கற்பனை முடிந்ததும் மனம் வறண்டு கிடந்தது, இரண்டாவது முடிந்த பிறகும் சந்தோஷம் தங்கியது. நாக்கில் பட்ட ருசியை விட்டுவிட்டு, விழுங்கிய பின் நிற்கிற ருசியை அவர் கவனித்தார். மனம் இருண்டு கிடக்கிற நேரத்தில், தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே என்பது அவர் கொடுத்த விதிகளில் ஒன்று. இரவு பதினொரு மணிக்கு ராஜினாமாக் கடிதம் எழுதத் தோன்றுகிறவர்கள் இதைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

விசுவாசத்துக்கு வெளியே நின்றும் இதைப் பார்த்தவர்கள் உண்டு. மானுடவியலாளர் தான்யா லூர்மன், சிகாகோவிலும் கலிபோர்னியாவிலும் வைன்யார்ட் என்ற சுவிசேஷ சபைகளோடு பல ஆண்டுகள் பழகி, 2012இல் தன் ஆய்வை நூலாக வெளியிட்டார். தேவன் உண்டா இல்லையா என்ற தீர்ப்புக்குள் அவர் போகவில்லை. அவர் கண்டது, இது கற்றுக்கொள்ளப்படுகிற ஒன்று என்பது. புதிதாக வருகிறவர்களுக்குத் தங்கள் மனதில் ஓடுகிற எண்ணங்களில் எது தேவனிடமிருந்து வந்தது என்று பிரிக்கத் தெரிவதில்லை. ஜெபித்து ஜெபித்து, பழையவர்களோடு பேசிப் பேசி, அது பழகுகிறது. சிலருக்குச் சீக்கிரம் வருகிறது; கற்பனையில் ஆழ்ந்துபோகிற சுபாவம் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் சுலபம். சந்தேகப்படுகிறவர் இதைக் கேட்டு, "பார்த்தீர்களா, பயிற்சிதான்" என்பார். விசுவாசி, "ஆடு மேய்ப்பனின் சத்தத்தைப் பழகித்தானே அறிகிறது" என்பார். ஆய்வு இரண்டு பேருக்கும் இடம் கொடுக்கிறது. பக்கத்து நாற்காலிக்காரருக்கு இதில் ஓர் ஆறுதல் இருக்கிறது: ஒன்றும் கேட்காதது அவிசுவாசத்தின் அடையாளம் இல்லை, பாதி அது அவரவர் மனதின் வார்ப்பு.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தூக்கமில்லாமல் நாள் கணக்கில் குரல்கள் கேட்பது, உன்னை நீயே காயப்படுத்து, மற்றவரைத் தாக்கு என்று அவை கட்டளையிடுவது, எல்லாரும் எனக்கு எதிரி என்ற பயம் கூடவே வருவது: இவற்றை ஜெபக் குழுவிடம் மட்டும் கொண்டுபோகக் கூடாது. மருத்துவரிடம் போகவேண்டும். இரண்டு இடத்துக்கும் போகலாம். மருத்துவரைத் தள்ளிப்போடக் கூடாது.

அன்றாடத்தில் இது எப்படி நடக்கிறது என்பதற்கு என்னிடம் இருப்பது சின்ன விஷயம்தான். உறவினர் ஒருவரோடு மனக்கசப்பு. ஒரு ராத்திரி உட்கார்ந்து, அவர் செய்ததையெல்லாம் தேதி வாரியாக அடுக்கி நீளமான செய்தி ஒன்றை கைபேசியில் எழுதினேன். ஒவ்வொரு வரியும் உண்மை. ஒவ்வொரு வரியும் குத்தும்படி தேர்ந்தெடுத்தது. அனுப்பு பொத்தான்மேல் கட்டைவிரல் இருந்தபோது, காலையில் வாசித்த எலியாவின் பகுதியிலிருந்து அந்தக் கேள்வி வந்தது: இங்கே உனக்கு என்ன காரியம்? சத்தமில்லை, வெளிச்சமில்லை. அந்த வரி வந்தது, விரல் நின்றது. அழித்துவிட்டேன். அது ஆண்டவரா, என் மனசாட்சியா, காலையில் வாசித்ததன் எதிரொலியா என்று கேட்டால், மூன்றையும் பிரித்துக் காட்ட எனக்குத் தெரியாது. காலையில் வாசிக்காமல் இருந்திருந்தால் ராத்திரி அது வந்திருக்காது, அது மட்டும் தெரியும். ஏசாயா 30:21இல் "வழி இதுவே" என்ற வார்த்தை பின்னாலிருந்து கேட்கிறது, நீங்கள் வலதுபுறமோ இடதுபுறமோ சாயும்போது. நடக்கிறவனுக்குப் பின்னால்தான் சத்தம் வரும். நின்ற இடத்தில் உட்கார்ந்துகொண்டு வரைபடம் கேட்கிறவனுக்கு அந்த வசனத்தில் ஒன்றுமில்லை.

பெரிய முடிவுகளில் இது எவ்வளவு மங்கலாக இருக்கும் என்பதற்கு ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபரின் 1939 ஜூன் மாதத்தை நினைத்துக்கொள்வேன். ஹிட்லரின் ஜெர்மனியில் ஆபத்து நெருங்கியபோது நண்பர்கள் அவரை நியூயார்க்குக்கு வரவழைத்தார்கள். பாதுகாப்பு, வேலை, மரியாதை எல்லாம் கிடைத்தது. வாசல் நன்றாகவே திறந்தது, சமாதானம்தான் இல்லை. ஜூன் 12இல் வந்து இறங்கியவர் 20ஆம் தேதி, தங்க முடியாது என்று சொல்லிவிட்டார். அன்று நாட்குறிப்பில் அவர் எழுதியிருப்பது வெற்றிச் சாட்சி அல்ல. தன் முடிவுகளுக்கான காரணம் தனக்கே முழுதாகத் தெளிவாவதில்லை என்ற குழப்பம். வசனம் பிறகுதான் வந்தது. 26ஆம் தேதி, மாரிகாலத்துக்கு முன்னே வந்துசேரும்படி ஜாக்கிரதைப்படு என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய வரியை வாசிக்கிறார். ஒரு கைதி தன் நண்பனுக்கு எழுதிய சாதாரண வேண்டுகோள். அது நாள் முழுவதும் அவரை விடவில்லை. இதை எனக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்வது வேதத்தைத் தவறாகப் பயன்படுத்துவதாகாது என்று எழுதிவைக்கிறார். ஜூலையில் கப்பலேறினார். 1945 ஏப்ரல் 9இல் ஃப்ளோசன்பர்க் முகாமில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

அவர் அந்த வரியைக் கண்டதும் முடிவெடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முடிவு முன்பே எடுத்தாயிற்று, தன் மக்களோடு இருக்க வேண்டும் என்ற பழைய அழைப்பிலிருந்து. வசனம் வந்து அதன்மேல் கை வைத்தது.

இதற்குத் தலைகீழான ஒரு கூட்டம் எரேமியா 42இல் இருக்கிறது. எருசலேம் விழுந்துவிட்டது. மீதியிருந்தவர்கள் யோகனானின் தலைமையில் எரேமியாவிடம் வந்து, நாங்கள் எங்கே போகவேண்டும் என்று கர்த்தரிடம் கேட்டுச் சொல்லும், நன்மையானாலும் தீமையானாலும் கீழ்ப்படிவோம் என்று சத்தியம் செய்கிறார்கள். மிக அழகான ஜெப விண்ணப்பம். ஆனால் அதற்கு முந்தைய அதிகாரத்தின் கடைசியிலேயே அவர்கள் எகிப்துக்குப் போவதற்கென்று புறப்பட்டு, பெத்லெகேமுக்கு அருகே வழியில் தங்கியிருக்கிறார்கள். மூட்டை கட்டிய பிறகு திசை கேட்க வந்திருக்கிறார்கள்.

எரேமியாவோ கேட்டவுடன் பதில் சொல்லவில்லை. நாற்பது வருட அனுபவமுள்ள தீர்க்கதரிசி. எகிப்துக்குப் போகாதீர்கள் என்று தன் சொந்த அபிப்பிராயத்தையே கர்த்தருடைய வார்த்தையாகச் சொல்லியிருந்தாலும் யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. பத்து நாள் காத்திருந்தார். பத்து நாள் சென்ற பிறகு பதில் வந்தது: இந்தத் தேசத்திலேயே இருங்கள். கேட்டவர்கள் சொன்னது: நீ பொய் சொல்லுகிறாய். கட்டியிருந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்குப் போனார்கள். எரேமியாவையும் கூடவே கொண்டுபோனார்கள்.